பத்தியில் சொல்லப்படவில்லை

ஓல்டனில் நவம்பர் என்றால்
ஆறு இருக்கிறது என்பதற்குச் சத்தம் மட்டுமே சாட்சி.
மூடுபனிக்குள் ஆரை எங்கேயோ போகிறது.
பார்சல் பிரிக்கும் இரவு வேலை முடிந்து
ஆறு பத்துக்கு வீடு வந்து
சப்பாத்துக்கூடக் கழற்றாமல்
குசினி மேசையில் புத்தகத்தை விரிக்கிறேன்.
ரயிலில் பயணச்சீட்டுப் பார்க்கும் உத்தியோகத்துக்கு
முதலில் இந்தச் சோதனையைத் தாண்ட வேண்டும்:
நாலைந்து வரியில் ஒரு பத்தி,
அதன் கீழே ஒரு முடிவு,
முடிவுக்குப் பக்கத்தில் மூன்று பெட்டி.
சரி. பிழை. பத்தியில் சொல்லப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை பெய்தால்
திருமதி ஷ்டுக்கி சந்தைக்குப் போகமாட்டார்.
இந்தச் செவ்வாய் அவர் போகவில்லை.
ஆகவே மழை பெய்தது.

சரி என்று போட்டேன். விடைப்பக்கம் சிரித்தது.
காய்ச்சலாக இருந்திருக்கலாம்.
காசில்லாமல் இருந்திருக்கலாம்.
கட்டிலில் கிடந்து கூரையைப் பார்க்கும்
ஒரு செவ்வாய் அவருக்கும் வாய்த்திருக்கலாம்.
நெருப்பில்லாமல் புகையாது என்று வளர்ந்த மூளை எனது.
ஜன்னலுக்கு வெளியே
புகை மாதிரியே ஒன்று
ஊரை மூடிக்கொண்டு நிற்கிறது,
ஒரு தீக்குச்சிகூட இல்லாமல்.

கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில்
யாரோ ஒட்டிய கடதாசி:
‘புதன்கிழமை தோய்ப்பவர்கள்
வடிகட்டியில் தூசியை விட்டுப் போகிறார்கள்.
இங்கே துப்புரவாக்கிவிட்டுப் போவது வழக்கம்.’
புதன் எங்கள் நாள். அட்டவணை அப்படித்தான் சொல்லும்.
அந்தப் புதனை மூன்றாம் மாடி பூர்கிக்கு
நான் மாற்றிக் கொடுத்ததை அட்டவணை சொல்லாது.
‘இங்கே’ என்ற சொல்லை இரண்டு தரம் வாசித்தேன்.
பேனை எடுத்து, அதன் கீழே மூன்று பெட்டி கீறி
மூன்றாவதில் புள்ளடி போட்டேன்.
மறுநாள் கடதாசி இல்லை.
இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது?

நகுலேசனும் நானும் பேசிக்கொள்வது
குளிர்சாதனப் பெட்டியின் கதவில்.
அவருக்கு உணவகத்தில் பகலும் மாலையும். எனக்கு இரவு.
‘பால் முடிஞ்சுது.
மீன்குழம்பு கீழ்த்தட்டில்.
பொத்தான் தைக்கேல்ல.’

யார் தைக்கவில்லை?
நீ தைக்கவில்லை என்ற குறையா,
நான் தைக்க நினைத்து நேரம் கிடைக்கவில்லை என்ற தகவலா?
தமிழில் எழுவாயை விழுங்கிவிடலாம்.
விழுங்கியதை மற்றவர்
இரவு முழுக்க மென்றுகொண்டிருக்கலாம்,
பட்டியில் ஓடிவரும் பார்சல்களுக்கு நடுவே,
சூரிச், பாசல், சூரிச், லுகானோ,
நீ தைக்கவில்லை, நான் தைக்கவில்லை.
பதினொரு வருஷமாய்
இரண்டே பெட்டியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.
கோபமாய் இருக்கிறார்: சரி.
என்னைத்தான் சொல்கிறார்: சரி.
கீழ்த்தட்டில் இருந்த குழம்பில்
எனக்குப் பிடித்த நடுத்துண்டை வைத்திருந்ததை
எந்தப் பெட்டியிலும் நான் போட்டதில்லை.

சோதனை பேர்ணில். கடைசிப் பத்தி:
நாலாம் மேடையில் ஒருவர் நிற்கிறார்.
கையில் இரண்டு கோப்பிக் குவளை.
ரயில் வந்து, போய்விட்டது.
அவர் இன்னும் நிற்கிறார்.
முடிவு: அவர் யாருக்காகவோ காத்திருக்கிறார்.

எனக்குத் தெரியும். இப்போது நன்றாகவே தெரியும்.
இரண்டும் அவருக்கே ஆகலாம்.
பேனை மூன்றாம் பெட்டியின் மேலே போய் நின்றது,
அங்கேயே கொஞ்சம் நின்றது,
பிறகு இடப்பக்கம் நகர்ந்து
முதலாவதில் புள்ளடி போட்டது.

ஞாயிறு நகுலேசனிடம் சொன்னேன்.
வெங்காயம் வெட்டியபடி கேட்டார்.
‘குளிராயிருந்திருக்கும். ரெண்டையும் தானே குடிக்கத்தான்.
ஒரு புள்ளியை விட்டிட்டீர்.’
கத்தியோடு அசைந்த கையில்
சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான்.
வெள்ளைச் சட்டை, கறுப்பு நூல்,
ஒரு பக்கம் இழுபட்ட கோணல் தையல்.

வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர்.
நான் தைக்கவில்லை.